பாஸ் போடுபவருக்கு யார் துணை?

பயிற்சி பெறுபவருக்கு உதவித்தொகை உண்டு, பயிற்சி நிலையத்துக்குப் புது மெஷின் உண்டு. 'இவருக்கு வேலை தெரியும்' என்று கையெழுத்துப் போடும் சூப்பர்வைசருக்கு என்ன உண்டு?

வீட்டுக்கு வயரிங் வேலை செய்ய ஒரு எலக்ட்ரீஷியன் வருகிறார். படுத்த படுக்கையாக இருக்கும் பாட்டியைக் கவனித்துக்கொள்ள ஓர் உதவியாளர் வருகிறார். 'சர்ட்டிஃபிகேட் இருக்கா?' என்று கேட்கிறோம். இருக்கிறது என்றதும் மனசு லேசாகிவிடுகிறது.

அந்தத் தாளில் முத்திரை இருக்கும். படிப்பின் பெயரும் தேதியும் இருக்கும். ஆனால், பக்கத்தில் நின்று அவர் வேலை செய்வதைப் பார்த்து, 'இவரைத் தனியாக விடலாம்' என்று முடிவெடுத்தவரைப் பற்றி நாம் யோசிப்பதே இல்லை. அவர் ஒரு தொழிற்சாலையின் ஃபோர்மேனாக இருக்கலாம். ஆஸ்பத்திரி வார்டின் சீனியர் சிஸ்டராக இருக்கலாம். பனியன் கம்பெனியின் லைன் சூப்பர்வைசராகவோ, ஹோட்டல் கிச்சனின் தலைமை செஃப்பாகவோ இருக்கலாம். தொழிற்கல்வியில் இவர்களுக்குப் பெயர், பணியிட மதிப்பீட்டாளர்.

சான்றிதழ் எத்தனை நம்பகமானது என்பது இவருடைய கண் எத்தனை நிதானமானது என்பதைப் பொறுத்தது. அந்தக் கண்ணைப் பழக்கவும், அதற்கு நேரம் கொடுக்கவும், அது சொல்லும் முடிவுக்குப் பக்கபலமாக நிற்கவும் பல இடங்களில் ஆளில்லை என்பதுதான் பிரச்னை.

பரீட்சை தொடாத உச்சி

அமெரிக்க மருத்துவக் கல்வியாளர் ஜார்ஜ் மில்லர் 1990-ல் ஒரு பிரமிடு வரைந்து காட்டினார். அடித்தட்டில் 'தெரியும்'. அதற்கு மேலே 'எப்படிச் செய்வது என்று தெரியும்'. மூன்றாவது, 'செய்து காட்டுவார்'. உச்சியில், 'செய்கிறார்'. டாக்டர்களுக்காக அவர் சொன்னது, எல்லாத் தொழிலுக்கும் பொருந்தும்.

எழுத்துத் தேர்வு கீழ் இரண்டு படிகளைத் தொடும். செய்முறைத் தேர்வு மூன்றாவது படியைத் தொடும். அன்றைக்கு ஒருநாள் ஒழுங்காகச் செய்து காட்டிவிட்டால் போதும். நான்காவது படி அப்படியல்ல. மதியம் சாப்பிட்டுவிட்டு வந்த அசதியில், ஆர்டர் அவசரத்தில், யாரும் பார்க்காத நேரத்தில் ஒருவர் எப்படி வேலை செய்கிறார் என்பது அது. அதைப் பார்க்கக் கூடியவர் கூடவே வேலை செய்யும் சூப்பர்வைசர்தான்.

லேத்தில் நிற்கும் ஒரு பையனை எடுத்துக்கொள்வோம். கொடுத்த அளவுக்குக் கச்சிதமாகக் கடைந்து தந்துவிட்டான். வெர்னியரில் வைத்துப் பார்த்தால் அளவு துல்லியம். ஆனால், ஜாபை இறுக்கிய பிறகு சக் கீயை சக்கிலேயே விட்டுவிட்டு மெஷினை ஆன் செய்யப் போனான். கடைசி நொடியில் ஞாபகம் வந்து எடுத்தான். எடுக்காமல் விட்டிருந்தால் சுழலும் சக்கிலிருந்து அந்தச் சாவி பறந்து யார் மீதாவது பாய்ந்திருக்கும். முடிந்த ஜாபை மட்டும் பார்ப்பவர் முழு மார்க் போடுவார். நின்று பார்த்தவருக்குத்தான் இவனைத் தனியாக விடக்கூடாது என்பது தெரியும்.

எலக்ட்ரீஷியன் வேலையிலும் இதே கதைதான். 'சப்ளை ஆஃப் ஆகிவிட்டது என்று எப்படித் தெரிந்துகொண்டாய்?' என்று கேட்டால், 'டெஸ்டர் எரியலை சார்' என்று பதில் வரும். நல்ல மதிப்பீட்டாளர் அடுத்த கேள்வி கேட்பார். 'டெஸ்டரே கெட்டுப்போயிருந்தால்?' கரன்ட் இருக்கும் இடத்தில் முதலில் டெஸ்டரைச் சோதித்து, பிறகு வேலை செய்யப்போகும் இடத்தில் வைத்துப் பார்த்து, மறுபடி கரன்ட் இருக்கும் இடத்தில் வைத்து டெஸ்டர் வேலை செய்கிறது என்று உறுதி செய்வதுதான் சரியான முறை. அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்கிறாரா இல்லையா என்பதில் ஓர் உயிர் இருக்கிறது.

இங்கே எப்படி நடக்கிறது?

இந்தியாவில் ஒருவர் தொழில் கற்றுச் சான்றிதழ் வாங்கப் பல வழிகள் உண்டு. 1950-ல் தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின் கீழ் வரும் ஐ.டி.ஐ படிப்பு ஒன்று. 1961-ம் ஆண்டின் அப்ரன்டிஸ் சட்டப்படி நிறுவனத்திலேயே சேர்ந்து பழகுவது இன்னொன்று. 2015-ல் வந்த பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டம் போன்ற குறுகியகாலப் பயிற்சிகள் மூன்றாவது. இவற்றில் தரத்தைக் கண்காணிக்கும் தேசியத் தொழிற்கல்வி மற்றும் பயிற்சிக் கவுன்சில் 2018 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. சான்றிதழ் வழங்கும் அமைப்புகளுக்கும், மதிப்பீடு செய்யும் ஏஜென்சிகளுக்கும் அங்கீகாரம் கொடுப்பது அதன் வேலை.

குறுகியகாலப் பயிற்சிகளில் பாடம் நடத்தியவரே மார்க் போடுவதில்லை. வெளியிலிருந்து ஒரு மதிப்பீட்டாளர் வருவார். அவர் அதற்கென்று தனிப் பயிற்சி பெற்றுத் தேர்ச்சி அடைந்திருக்க வேண்டும். டேப்லெட்டில் தேர்வு நடக்கும். செய்முறை, வாய்மொழிக் கேள்வி எல்லாம் உண்டு. இடமும் நேரமும் பதிவான போட்டோக்களை அவர் ஏற்ற வேண்டும்.

அப்ரன்டிஸ் விஷயம் வேறு மாதிரி. 2019-ல் திருத்தப்பட்ட விதிகளின்படி, 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் தங்கள் பணியாளர் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 சதவிகிதம் வரை அப்ரன்டிஸ்களைச் சேர்க்க வேண்டும். பழகுபவரின் முன்னேற்றத்தை நிறுவனம் பதிவு செய்து வைக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அந்தப் பதிவை யார் எழுதுவார்? பக்கத்து மெஷினில் நிற்கும் சீனியரோ, ஷிப்ட் சூப்பர்வைசரோதான்.

வெளியிலிருந்து வருபவர் ஒருநாள் மட்டுமே பார்ப்பார். உள்ளே இருப்பவர் தினமும் பார்ப்பார். இருவருக்கும் தனித்தனிச் சிக்கல்கள். ஆனால், 'எப்படி மதிப்பிடுவது' என்று யாரும் சொல்லித்தராமலே அந்தப் பொறுப்பு வந்து சேருவது பெரும்பாலும் உள்ளே இருப்பவருக்குத்தான். 'நீ நல்ல ஃபிட்டர், 15 வருஷ அனுபவம், இந்தப் பசங்களைப் பார்த்துக்க' என்று ஒருநாள் சொல்வார்கள். அவ்வளவுதான் நியமன உத்தரவு.

நன்றாகச் சமைப்பது ஒரு திறமை. இன்னொருவர் சமைப்பதைப் பார்த்து, எங்கே தப்பு, எது பரவாயில்லை, எது ஆபத்து என்று பிரித்துச் சொல்வது வேறொரு திறமை. முதலாவது இருந்தால் இரண்டாவது தானாக வந்துவிடும் என்று நினைத்துக்கொள்வதில்தான் கோளாறு ஆரம்பிக்கிறது.

ஒரு ஷிப்ட்... இரண்டு வேலை

ஏற்றுமதி ஆடைத் தொழிற்சாலையின் தையல் லைனைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மணிக்கு இத்தனை பீஸ் என்று போர்டில் டார்கெட் எழுதியிருக்கும். லைன் சூப்பர்வைசர் அக்காவுக்கு அந்த எண்தான் எஜமான். அவரிடமே நான்கு பயிற்சிப் பெண்களை ஒப்படைத்து, 'வாராவாரம் இவங்க எப்படிச் செய்றாங்கன்னு எழுதிக் கொடுங்க' என்கிறார்கள்.

தையல் நேராக இருக்கிறதா என்று செக்கிங் டேபிளில் பார்த்துவிடலாம். ஊசி உடைந்தால் அந்தப் பெண் என்ன செய்கிறாள் என்பதை எப்போது பார்ப்பது? உடைந்த துண்டுகள் அத்தனையையும் தேடி எடுத்து, ஒப்படைத்து, பதிவு செய்த பிறகே புது ஊசி வாங்க வேண்டும். ஒரு சின்னத் துண்டு குழந்தைச் சட்டைக்குள் போய்விட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால், ஊசி உடையும் அந்த நிமிடத்தில் சூப்பர்வைசர் வேறு எங்கோ பீஸ் எண்ணிக்கொண்டிருப்பார். வாரக் கடைசியில் ஃபாரத்தைப் பார்த்ததும் எல்லாக் கட்டங்களிலும் டிக் அடித்துவிடுவார். இதைச் சோம்பேறித்தனம் என்று சொல்லிவிட முடியாது. அவர் கையில் நேரமில்லை.

ஆஸ்பத்திரியில் இது இன்னும் சிக்கல். நோயாளி பராமரிப்பு உதவியாளராகப் பயிற்சி பெறும் பெண், படுத்தே இருக்கும் நோயாளியைச் சரியாகத் திருப்பிப் படுக்க வைக்கிறாளா, சக்கர நாற்காலியின் பிரேக்கைப் போட்ட பிறகே ஆளை உட்கார வைக்கிறாளா, ஒருவரைத் தொட்டுவிட்டு அடுத்தவரிடம் போகும் முன் கை கழுவுகிறாளா... இதையெல்லாம் சிஸ்டர் கவனிக்க வேண்டும். ஆனால், வார்டு நிறைய நோயாளிகள். ஆதாரத்துக்கு வீடியோ எடுக்கலாம் என்றால் நோயாளியின் அந்தரங்கம் குறுக்கே நிற்கும், நிற்கவும் வேண்டும். அங்கே கண்ணால் பார்த்ததை நாலு வரி எழுதி வைப்பதுதான் ஆதாரம். அந்த நாலு வரிக்கும் ஐந்து நிமிடம் வேண்டுமே!

அப்ரன்டிஸுக்கு நிறுவனம் தரும் உதவித்தொகையில் 25 சதவிகிதத்தை, மாதம் 1,500 ரூபாய் வரை, மத்திய அரசு ஏற்றுக்கொள்ளும் திட்டம் 2016 முதல் இருக்கிறது. நல்ல விஷயம். ஆனால், அந்த அப்ரன்டிஸை உட்கார்ந்து கவனிக்கும் சூப்பர்வைசரின் நேரம், பல நிறுவனங்களின் ஷிப்ட் அட்டவணையில் ஒரு வரியாகக்கூட வருவதில்லை.

கண் ஏமாறும் இடங்கள்

நேரம் கிடைத்தாலும் கண் ஏமாற்றும். அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் தார்ன்டைக் 1920-ல் ஒரு கட்டுரை எழுதினார். ராணுவ அதிகாரிகள் தங்களுக்குக் கீழே இருப்பவர்களுக்குப் போட்ட மதிப்பெண்களை ஆராய்ந்தபோது அவருக்கு ஒரு விசித்திரம் தென்பட்டது. உடல் தோற்றத்துக்கு நல்ல மதிப்பெண் வாங்கியவர்களே புத்திசாலித்தனம், தலைமைப் பண்பு, ஒழுக்கம் எல்லாவற்றிலும் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தார்கள். ஒரு விஷயத்தில் ஏற்பட்ட நல்ல அபிப்பிராயம் மற்ற எல்லாவற்றுக்கும் வெளிச்சம் போட்டுவிடுகிறது. இதற்கு அவர் வைத்த பெயர் 'ஒளிவட்ட விளைவு'.

நூறு வருடம் கழித்தும் நம் ஒர்க்‌ஷாப்களில் அந்த ஒளிவட்டம் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. 'வணக்கம் சார்' என்று நேரத்துக்கு வந்து நிற்கும் பையனுக்கு வெல்டிங்கும் நன்றாக வரும் என்று தோன்றிவிடும். பேசத் தயங்கும் பெண்ணுக்கு வேலையும் தெரியாது என்று தோன்றிவிடும். இது தவிர இன்னும் சில பொறிகள் உண்டு.

● முன்னால் வந்தவரின் நிழல்: மிக நன்றாகச் செய்த ஒருவருக்கு அடுத்து வருபவர் சுமாராகத் தெரிவார். மிக மோசமாகச் செய்தவருக்கு அடுத்து வந்தால் அதே ஆள் கெட்டிக்காரராகத் தெரிவார்.

● நடுவில் நின்றுவிடுவது: யாரையும் நோகடிக்க வேண்டாம் என்று எல்லோருக்கும் சராசரி மார்க் போடுவது. நன்றாகச் செய்பவருக்கும் அநியாயம், திணறுபவருக்கும் அநியாயம்.

● 'நம்ம ஆளு': ஒரே ஊர், ஒரே தெரு, ஒரே சாதி, தெரிந்தவரின் மகன். வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், மார்க் சொல்லிவிடும்.

● களைப்பு: காலையில் முதல் ஆளிடம் கேட்ட அத்தனை கேள்விகளையும் மாலையில் இருபத்தைந்தாவது ஆளிடம் கேட்பதில்லை.

இவை கெட்டவர்கள் செய்யும் தப்புகள் அல்ல. மனிதர்கள் எல்லோரும் செய்பவை. 'எனக்கு இது வரும்' என்று தெரிந்து வைத்திருப்பதுதான் முதல் பாதுகாப்பு. அதைச் சொல்லித்தர ஒருவர் வேண்டும்.

கொத்தனாரும் கேள்வித்தாளும்

முறையாகப் படிக்காமல் வேலையிலேயே தேறியவர்களுக்கு, 'முன்அனுபவத்துக்கு அங்கீகாரம்' என்று ஒரு வழி இருக்கிறது. ஏற்கெனவே தெரிந்த வேலையை மதிப்பிட்டுச் சான்றிதழ் கொடுப்பது. இருபது வருடம் சுவர் கட்டிய கொத்தனாருக்கு இது பெரிய கௌரவம்.

அவர் தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்தால் சுவர் ஒரு நூல்கூடச் சாயாது. கலவையைக் கரணையில் எடுத்துப் பார்த்தே தண்ணீர் அதிகமா, கம்மியா என்று சொல்லிவிடுவார். ஆனால், கேள்வித்தாளைக் கண்டால் கை நடுங்கும். மதிப்பிட வேண்டிய தகுதி ஆவணங்களோ பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. அதில் உள்ள வாக்கியத்தை மதிப்பீட்டாளர் தமிழ்ப்படுத்தி, அதையும் சைட்டில் புழங்கும் தமிழில் கேட்டால்தான் கொத்தனாருக்குப் புரியும். 'செங்குத்துத் தன்மையை எவ்வாறு உறுதிப்படுத்துவீர்?' என்றால் விழிப்பார். 'குண்டு நூல் எப்படிப் பிடிப்பீங்க மேஸ்திரி, காட்டுங்க' என்றால் கரணையை வைத்துவிட்டு எழுந்து வந்து காட்டுவார்.

ஒரே மனிதர்தான். கேட்ட விதத்தால் ஒருமுறை ஃபெயில், ஒருமுறை பாஸ். அந்த மொழிபெயர்ப்பு வேலையை ஒவ்வொரு மதிப்பீட்டாளரும் தனியாக, அந்த இடத்திலேயே, தன் இஷ்டப்படி செய்ய வேண்டியிருக்கிறது. அதனால் சேலத்தில் கேட்கும் கேள்வியும் தூத்துக்குடியில் கேட்கும் கேள்வியும் ஒன்றாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

'பாஸ் போட்டு விடுங்க சார்!'

மதிப்பீட்டாளரின் தோளில் ஏறும் பெரிய பாரம் இதுதான். பயிற்சி நிலையத்துக்கு அரசு தரும் பணத்தில் ஒரு பகுதி, எத்தனை பேர் சான்றிதழ் வாங்கினார்கள் என்பதோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. நிறுவனத்துக்கு ஆள் சீக்கிரம் வேண்டும். பிள்ளையின் வீட்டில் கடன் இருக்கிறது. மூன்று பக்கத்திலிருந்தும் ஒரே கோரிக்கை: 'பாஸ் போட்டு விடுங்க!'

மறுப்பவர் கல்நெஞ்சக்காரர் ஆகிவிடுகிறார். 'ஒரு ஏழைப் பிள்ளையோட வாழ்க்கையில விளையாடாதீங்க' என்ற வார்த்தை யாரையும் அசைத்துவிடும். ஆனால், எர்த் கொடுக்கத் தெரியாத பிள்ளைக்கு எலக்ட்ரீஷியன் என்று எழுதிக் கொடுத்தால் முதலில் ஆபத்துக்குள்ளாவது அதே பிள்ளைதான். அடுத்தது, அவர் வயரிங் செய்யும் வீட்டில் ஈரக் கையோடு ஸ்விட்ச் போடும் யாரோ ஒருவர். மூன்றாவதாக, உண்மையிலேயே கற்றுத் தேர்ந்த மற்ற பிள்ளைகள். 'இந்த சர்ட்டிஃபிகேட்டெல்லாம் சும்மா' என்று ஒரு முதலாளி முடிவு கட்டிவிட்டால் நன்றாகப் படித்தவரின் தாளுக்கும் சேர்த்துத்தான் மதிப்பு போகிறது.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. கோபக்கார ஃபோர்மேன் ஒருவர், தன்னை எதிர்த்துக் கேள்வி கேட்ட பையனைப் பழிவாங்க 'தேறவில்லை' என்று எழுதினால் அந்தப் பையன் எங்கே போய் முறையிடுவான்? ஆண் சூப்பர்வைசரின் ஒரு கையெழுத்துக்காக இளம்பெண்கள் காத்து நிற்கும் இடங்களில் இந்தக் கேள்வி இன்னும் கனமானது. ஒரே ஒருவர் கையில் முழு முடிவும் இருப்பது, அவருக்கும் நல்லதில்லை, மதிப்பிடப்படுபவருக்கும் நல்லதில்லை.

மற்ற நாடுகள் என்ன செய்கின்றன?

ஒற்றை ஆளிடம் விடாமல் இருப்பதுதான் ஜெர்மனியின் வழி. அங்கே தொழில் பழகி முடித்தவரின் இறுதித் தேர்வை நடத்தும் குழுவில் குறைந்தது மூன்று பேர் இருக்க வேண்டும். முதலாளிகள் தரப்பும் தொழிலாளர்கள் தரப்பும் சம எண்ணிக்கையில் இருக்கும். கூடவே தொழிற்கல்விப் பள்ளி ஆசிரியர் ஒருவராவது இருப்பார். இது கௌரவப் பணி. தொழிலை நேசிப்பவர்கள் மனமுவந்து வருகிறார்கள்.

நிறுவனத்துக்குள் பயிற்சி கொடுப்பவருக்கும் அங்கே ஒரு தகுதித் தேர்வு உண்டு. 1972 முதல் இருக்கும் அந்த விதியை, இன்னும் நிறைய நிறுவனங்கள் பயிற்சி கொடுக்க முன்வரட்டும் என்று 2003-ல் நிறுத்தி வைத்தார்கள். பயிற்சியின் தரம் பற்றிய கவலை எழுந்தது. 2009-ல் விதி திரும்ப வந்தது.

பிரிட்டனில் புதிதாக மதிப்பிட வருபவர் தகுதி பெறும்வரை, அவருடைய முடிவில் தகுதி பெற்ற ஒருவரும் சேர்ந்து கையெழுத்திடுவார். அதற்கு மேல் ஒரு தரப் பரிசோதகர், சில முடிவுகளை மாதிரிக்கு எடுத்துப் பார்ப்பார். ஆஸ்திரேலியாவில் ஒருவர் தேறினார் என்பதற்கான ஆதாரத்தை நான்கு கேள்விகளால் சலிக்கிறார்கள். இது அந்த வேலைக்குப் பொருத்தமான ஆதாரமா? போதுமான அளவு இருக்கிறதா? இவரே செய்ததா? இப்போது செய்ததா, அல்லது என்றோ செய்ததா? அங்குள்ள தர விதிகளின்படி, ஒவ்வொரு படிப்பின் மதிப்பீட்டையும் ஐந்து வருடத்துக்கு ஒருமுறையாவது பயிற்சி நிறுவனம் கூடி உட்கார்ந்து சரிபார்க்க வேண்டும்.

மூன்று நாடுகளிலும் அடிநாதம் ஒன்றுதான்: மதிப்பிடுபவரைத் தனியாக விடாதே!

இங்கே என்ன செய்யலாம்?

பெரிய பட்ஜெட் தேவையில்லை. ஒரு நிறுவனமோ, பயிற்சி நிலையமோ நாளைக்கே ஆரம்பிக்கக் கூடியவை இவை.

1. ஒரே ஜாப், மூன்று மார்க்: மாதம் ஒருமுறை அரை மணி நேரம். அப்ரன்டிஸ் செய்த ஒரே ஜாபை மூன்று சூப்பர்வைசர்களிடம் கொடுங்கள். தனித்தனியாக மார்க் போடட்டும். பிறகு எடுத்து வைத்துப் பார்த்தால் ஒருவர் 85, ஒருவர் 60, ஒருவர் 'தேறாது' என்றுகூட இருக்கலாம். ஏன் இந்த வித்தியாசம் என்று டீ குடித்துக்கொண்டே பேசட்டும். நாலைந்து மாதத்தில் மார்க்குகள் நெருங்கி வரும்.

2. கண்ணால் பார்க்கக்கூடிய செக்லிஸ்ட்: 'பாதுகாப்பாக வேலை செய்கிறார்' என்று எழுதினால் ஆளுக்கு ஆள் அர்த்தம் மாறும். 'சக் கீயை எடுத்த பிறகே மெஷினை ஓட்டினார்' என்று எழுதினால் மாறாது. இப்படிப் பத்துப் பதினைந்து வரி, ஒரே பக்கம், ஒர்க்‌ஷாப்பில் பேசும் தமிழில்.

3. அட்டவணையில் இடம்: வாரத்தில் ஒரு மணி நேரம் 'கவனிக்கும் நேரம்' என்று ஷிப்ட்டில் எழுதிவிட வேண்டும். அந்த ஒரு மணி நேரத்துக்கு டார்கெட்டைக் குறைக்க வேண்டும். குறைக்காமல் 'கவனி' என்று சொல்வது வெறும் பேச்சு.

4. 'இன்னும் இல்லை' என்று சொல்லும் உரிமை: ஃபெயில் என்ற சொல் கதவைச் சாத்துகிறது. 'இன்னும் தேறவில்லை, இந்த இரண்டு விஷயங்களைச் சரிசெய்துவிட்டு மூன்று வாரத்தில் மறுபடி வா' என்பது கதவைத் திறந்து வைக்கிறது. அப்படிச் சொன்ன சூப்பர்வைசர் பக்கம் நிர்வாகம் நிற்க வேண்டும். அந்த முடிவு தப்பு என்று பையன் நினைத்தால் இரண்டாவது ஒருவர் பார்க்கும் ஏற்பாடும் வேண்டும். பெண்கள் அதிகம் பயிலும் இடத்தில் அந்த இரண்டாவது ஆள் ஒரு பெண்ணாக இருப்பது நல்லது.

5. புது மதிப்பீட்டாளருக்குப் பழைய துணை: முதல் சில மாதங்கள் அனுபவமுள்ளவர் பக்கத்தில் இருந்து, சேர்ந்து கையெழுத்துப் போடட்டும்.

6. மதிப்பிடுபவரும் படிக்க வேண்டும்: தமிழ்நாட்டில் 71 அரசு ஐ.டி.ஐ-களை, டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து, சுமார் 2,877 கோடி ரூபாயில் 'தொழில் 4.0' தரத்துக்கு உயர்த்தும் திட்டம் வந்தது. ரோபோவும் சி.என்.சி-யும் பார்த்து வெளியே வரும் பிள்ளையை, கை லேத்தில் பழகிய சீனியர் மதிப்பிட வேண்டிய காலம் இது. அவருடைய அனுபவம் பெரிய சொத்து. ஆனால், புது மெஷினை அவரும் தொட்டுப் பழக வாய்ப்பு கொடுத்தால்தான் அந்த அனுபவம் பயன்படும்.

சொல்லும் விதத்தில் பாதி வேலை

மார்க் போட்டதோடு மதிப்பீடு முடிவதில்லை. 'நல்லாப் பண்ணே' என்றால் பையனுக்கு சந்தோஷம், ஆனால் எதுவும் புரியாது. 'என்னடா இது, மாடு மேய்க்கத்தான் லாயக்கு' என்றால் மறுநாள் வேலைக்கே வர மாட்டான். 'ஃபைலிங் சமமா வந்திருக்கு தம்பி. வெர்னியர்ல அளக்கும் முன்னாடி ஸீரோ சரியா இருக்கான்னு நீ பார்க்கலை. அதனாலதான் இங்கே அளவு குறைஞ்சிருக்கு. அடுத்த ஜாப்ல அதை மட்டும் பார்' என்றால், அந்த ஒரு நிமிடமே பாடம். முதலில் அவனையே 'எங்கே தப்பு நடந்ததுன்னு நினைக்கிறே?' என்று கேட்டுவிட்டால் இன்னும் நல்லது. பாதி நேரம் அவனே சொல்லிவிடுவான்.

இதுவும் பழக்கத்தால் வருவதுதான். திட்டித் திட்டியே வேலை கற்றுக்கொடுக்கப்பட்ட ஒரு தலைமுறை, தனக்குத் தெரிந்த அதே வழியில் அடுத்த தலைமுறையைத் திட்டுகிறது. வேறு வழி இருக்கிறது என்று யாரும் காட்டவில்லை என்பதற்காக அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

பெற்றோர் கேட்க வேண்டிய கேள்விகள்

வீட்டில் யாராவது ஐ.டி.ஐ-யிலோ, அப்ரன்டிஸாகவோ சேர்ந்திருந்தால் 'உதவித்தொகை எவ்வளவு, வேலை நிரந்தரமா' என்று கேட்பதோடு நிறுத்த வேண்டாம். இன்னும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: 'உன் வேலையை யார் பார்க்கிறார்? அவர் கடைசியாக உன் பக்கத்தில் நின்று பார்த்தது எப்போது? எதைச் சரிசெய்யச் சொன்னார்?'

மூன்றாவது கேள்விக்குத் தெளிவான பதில் வந்தால் பிள்ளை நல்ல இடத்தில் இருக்கிறது என்று அர்த்தம். 'ஒண்ணும் சொல்லலை, கையெழுத்துப் போட்டுட்டார்' என்று பதில் வந்தால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். உங்கள் பிள்ளைக்குக் கிடைக்க வேண்டிய ஒன்று கிடைக்கவில்லை.

நாடு முழுக்க 14 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஐ.டி.ஐ-கள் இருக்கின்றன. அவற்றுக்கு வெளியே தொழிற்சாலைகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் ஹோட்டல்களிலும் எத்தனையோ பிள்ளைகள் வேலை பழகுகிறார்கள். அவர்களுக்குப் பின்னால் நிற்கும் சூப்பர்வைசர்கள், சிஸ்டர்கள், மேஸ்திரிகளில் பலர் சம்பளத்தில் ஒரு ரூபாய்கூடக் கூடாமல் இந்தப் பொறுப்பைச் சுமக்கிறார்கள். அவர்களுக்கு வாரத்தில் ஒரு மணி நேரமும், தமிழில் ஒரு பக்கச் செக்லிஸ்ட்டும், 'நீங்க சொன்னதுதான் முடிவு, நாங்க இருக்கோம்' என்ற ஒரு வார்த்தையும் கொடுத்துப் பாருங்கள். அவர்கள் யோசிக்காமல் அடிக்கும் டிக் குறையும். யோசித்துப் போடும் கையெழுத்து கூடும்.